தனியாகப் பறக்கும் நாளில் நோன்பு

என் மகள் விமானி ஆகப் படித்தாள். லீவுக்குப் பாலாவி வீட்டுக்கு வந்தாலும் பயிற்சியை விடமாட்டாள். பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத விசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஏறுவதிலிருந்து இறங்குவது வரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவாள். வெளியே சீமெந்து லொறி போய் வீடே அதிர்ந்தாலும் கண் திறக்கமாட்டாள். ஒரு விசை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. சோறு ஆறுகிறது என்று கத்துவேன். "உம்மா, நான் இன்னும் இறங்கல்ல" என்பாள். இந்தப் பிடிவாதம் யாருடையது என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

மன்னாரில் சிறுமியாக இருந்தபோது, விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஓடியவள் நான். யுத்தம் முடிந்து, என் மகள் முதன்முறையாகத் தனியாகப் பறக்கப் போவதாகக் கொழும்பிலிருந்து சொன்னபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. அன்றைக்கு நோன்பு பிடிப்பதாக நேர்ந்துகொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

அன்று காலையிலேயே போன் வந்தது.

"உம்மா, இண்டைக்கு என்னப் பறக்க விடல்ல."

"ஏன் மகள்?"

"நானும் நோன்பு. நீங்க எனக்காகப் பட்டினி கிடக்கக்குள்ள நான் எப்படித் தின்கிற?"

விமானத்தில் ஏறுமுன், காலையில் சாப்பிட்டாயா என்று பயிற்றுநர் கேட்பாராம். மேலே தலை சுற்றினால் பக்கத்தில் ஆளில்லை. "இல்லை" என்று இவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம் எண்டு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"இதுக்குப் பொய் சொன்னா, நாளைக்கு எஞ்சினப் பார்த்தியா எண்டு கேட்டாலும் பொய் சொல்லுவன், உம்மா."

அவள் இத்தனை காலம் காத்திருந்த நாள் அது. ஒரு "ஓம்" சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. பெற்ற பாசத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அன்றைக்கு அவளை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொரு நாள் குறித்தார்கள். பாணும் முட்டையும் வயிறு நிறையத் தின்னச் சொன்னேன். நானும் நோன்பு பிடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று பகல் அவள் குரல் போனில் துள்ளியது. "உம்மா, தனியப் போய்த் தனிய இறங்கிட்டன்!"

நான் குசினி வாசலில் நின்று அழுதேன். அவள் விடவில்லை.

"நீங்க காலையில சாப்பிட்டீங்களா?"

"ஓம்" என்றேன். விடியலிலிருந்து தண்ணீர் படாத தொண்டை வறண்டிருந்தது, ஆனால் குரல் தடுமாறவில்லை. விமானத்தில் ஏறுவது நான் இல்லைதானே.