தாயம்மா நடந்த கரைகள்

"இத்தனை மண்ணை எங்கேயிருந்து சார் கொண்டாந்து கொட்டுனாங்க?"

1958ஆம் வருஷம் டிசம்பர் மாசத்தில், கார்வார் கடற்கரையில் லாரியை விட்டு இறங்கியதும் தாயம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். கூட நின்ற ஓவர்சியர் சேஷகிரி சிரித்துவிட்டார். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள் அவள். அங்கே மண்மேடு என்றால், தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சக் கல்மாவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த சயனைட் மேடு. மனுஷன் கை படாமல் கண்ணுக்கெட்டின தூரம் மணல் கிடக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"யாரும் கொட்டலம்மா. கடலே கொண்டுவந்து போட்டது" என்றார் சேஷகிரி.

"எதுக்கு?"

சேஷகிரி கூடாரம் அடிக்கிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சுதந்திரம் வந்த வருஷம்தான் தாயம்மாவின் புருஷன் டைபாய்டில் போனது. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயசு. குழந்தை இல்லை. அண்ணன் சுப்பராயன் பெங்களூரில், ஜோகுபாளையத்தில் குடியிருந்தார். ஒரு மில்லில் வேலை. தங்கச்சியை அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. மராமத்து இலாகா ஆட்கள் சாப்பிடுகிற மெஸ் ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தாள். பத்து வருஷம் போனதே தெரியவில்லை. ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர், அல்சூரிலிருந்து ஜோகுபாளையம். அவள் கால் அறிந்த பூமி அவ்வளவுதான்.

கார்வார் அப்போதுதான் பம்பாயைவிட்டு மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே புதிதாக ஒரு படகுத்துறை கட்டலாமா, கடலுக்கடியில் பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்க ஒரு கோஷ்டி கிளம்பியது. பதினோரு ஆண்கள். சமைக்க ஆள் வேண்டும். சேஷகிரி வந்து தாயம்மாவைக் கேட்டபோது சுப்பராயன் முறைத்தார்.

"ஆம்பளைங்க கேம்ப்ல போய் ஆறு மாசம் இருப்பியா? நல்லாவா இருக்கும்?"

அண்ணி சந்திரம்மாதான் குறுக்கே விழுந்தாள். "போவட்டும் விடு. இங்கயே இருந்து இன்னாத்தைப் பார்த்துட்டா? அல்சூர் ஏரியைத் தவிர?"

ஹூப்ளி வரைக்கும் ரயில், அப்புறம் மலை இறங்கி ஒரு நாள் முழுக்க லாரி. கடைசி வளைவில் கடல் தெரிந்தபோது தாயம்மா வெங்காய மூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கேம்ப் ஊருக்குத் தெற்கே, பைத்கோல் பக்கம் குன்றின் அடிவாரத்தில் இருந்தது. காலையில் டிபன், மத்தியானம் சாப்பாடு, நாலரைக்கு டீ, ராத்திரிக்குச் சோறும் ரசமும். பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்த பிறகு டீ வரைக்கும் இரண்டு மணி நேரம் அவளுடையது. மற்ற சமையல்காரிகளாக இருந்தால் கொஞ்சம் கண் அசந்திருப்பார்கள். தாயம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு அலுமினியத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பினாள்.

முதல் வாரம் வடக்கே, ஊர்க் கடற்கரையோரமாகக் காளி ஆறு வந்து சேருகிற முகம் வரைக்கும். அங்கே மண் காலுக்குச் சிமெண்ட் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. அலை வந்து போன இடத்தில் மிதித்தால் பாதத்தைச் சுற்றி ஒரு நொடி வெளுத்து, மறுபடி கறுத்தது. அது ஏன் என்று பத்துப் பதினைந்து தடவை மிதித்து மிதித்துப் பார்த்தாள். அடுத்த வாரம் தெற்கே, குன்றைச் சுற்றிக்கொண்டு போனாள். அங்கே கடல் மலைக்குள் கையை விட்ட மாதிரி, ஒவ்வொரு வளைவிலும் சின்னச் சின்னதாக ஒரு கரை. ஒன்றில் மண் ரவை மாதிரி. இன்னொன்றில் அரிசி நொய். மூன்றாவதில் மண்ணே இல்லை, கோழிமுட்டை அளவுக்கு உருண்டைக் கற்கள்தான். அலை பின்வாங்கும்போது அத்தனை கல்லும் ஒன்றோடொன்று உரசி, பெரிய அண்டாவில் புளியங்கொட்டையைக் கொட்டிக் கிளறுகிற சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்காகவே அங்கே நாலு நாள் போனாள்.

ஊர்ப் பெயர்கள் தெரியாததால் தானே பெயர் வைத்துக்கொண்டாள். நொய்க்கரை, கொட்டைக்கரை, மூணு தென்னை, சட்டிக்குழி. ராத்திரிச் சோறு பரிமாறும்போது, "இன்னைக்கு எங்க போனே தாயம்மா?" என்று ஆட்கள் கேட்பார்கள். "சட்டிக்குழி வரைக்கும்" என்பாள். எல்லோருக்கும் சிரிப்பு.

நொய்க்கரையில்தான் நாகி என்ற மீனவப் பெண்ணைச் சந்தித்தாள். பாறையில் குந்திக்கொண்டு சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துக் கன்னடத்தில் கேட்டாள், "தினமும் வர்றியே, என்ன தேடறே?"

தாயம்மாவுக்குப் பெங்களூர்க் கன்னடம் நன்றாக வரும். "ஒண்ணும் தேடலைக்கா. பார்க்கறேன்."

"பார்க்க என்ன இருக்கு?"

"இந்தத் தண்ணி நேத்து அந்தப் பாறை வரைக்கும் வந்துது. இன்னைக்கு இதே நேரத்துல இங்கயே நிக்குது. அது ஏன்?"

நாகி சிப்பி உளியைக் கீழே வைத்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடலைப் பற்றி அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும், தினமும் முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும் என்று சொல்லிக்கொடுத்தாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அதிகமாக ஏறும், அதே அளவுக்கு உள்ளேயும் போகும். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேஷகிரியிடம் கேட்டுக்கொண்டு, நாகியோடு ஆற்றைப் படகில் தாண்டி வடக்குக் கோடிக்குப் போனாள். கோவா அப்போது போர்த்துகீசியர் கையில் இருந்ததால் எல்லைப் பக்கம் போலீஸ்காரர் ஒருவர் நின்று, எங்கே, எதற்கு என்றெல்லாம் கேட்டார். "மண்ணைப் பார்க்க" என்றாள் தாயம்மா. அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அங்கே இருந்த மண் எள்ளு மாதிரி கறுப்பு. கைநிறைய அள்ளினால் கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. பக்கத்திலேயே கறுப்புப் பாறை. அதை அலை அரைத்து அரைத்துத்தான் இந்த மண் என்று அவளுக்குப் பார்த்ததும் புரிந்தது. டிசம்பரில் சேஷகிரியிடம் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. கடல் கொட்டுவது மட்டுமில்லை, அரைப்பதும் அதுதான்.

மார்ச் முடியும்போது கேம்ப் கிணறு உப்பானது. பருப்பு வேகவில்லை. டீ திரிந்தது. ஊரிலிருந்து தண்ணீர் வண்டி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். சமையலுக்கும் குடிக்கவும் போதாது, துளைபோடுகிற என்ஜினுக்கு வேறு நல்ல தண்ணீர் வேண்டும். சேஷகிரி சிடுசிடுவென்று இருந்தார். மழை வருவதற்குள் இன்னும் எட்டுத் துளை பாக்கி.

ஏப்ரலில் ஒரு அமாவாசை. அன்றைக்குத் தண்ணீர் ரொம்ப உள்ளே போயிருந்தது. சட்டிக்குழிக்கு அப்பால் பாறை மூக்கு ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவள் வருகிற நேரத்திலெல்லாம் அதன் அடி தண்ணீருக்குள் இருந்ததால், அதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று தாயம்மா அதுவரை பார்த்ததில்லை. இன்றைக்குப் பாறையின் அடியில் வழி தெரிந்தது. வழுக்கும் பாசியில் கையை ஊன்றி ஊன்றிச் சுற்றிப் போனாள். அந்தப் பக்கம் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு கரை. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. மண் வெள்ளை வெளேர் என்றிருந்தது. உட்கார்ந்து குனிந்து பார்த்தால் அது மண்ணே இல்லை, அத்தனையும் உடைந்த சிப்பித் தூள். கடுகளவு முழுச் சங்குகளும் அதில் கிடந்தன. ஒன்று, இரண்டு என்று பொறுக்கித் தூக்கில் போட்டுக்கொண்டே நேரத்தை மறந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது வந்த வழி தண்ணீருக்குள் இருந்தது.

ஒரு தடவை இறங்கிப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீர் இழுத்தது. நீச்சல் தெரியாது. பின்வாங்கி, ஆள் உயரத்துக்கு மேலே இருந்த ஒரு திட்டில் ஏறிக் காலை மடக்கிக்கொண்டாள். பயம் இருந்தது. கூடவே, தண்ணீர் எந்தக் கல்லை முதலில் மூடுகிறது என்று பார்க்கவும் தோன்றியது. வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. நாக்கு வறண்டது. அப்போதுதான் இரண்டு குருவிகள் வந்தன. திட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பில் மூக்கை விட்டு விட்டு எடுத்தன. உப்புத் தண்ணியைக் குருவி குடிக்குமா? தாயம்மா தவழ்ந்து போய் வெடிப்பில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். இனிப்பு! தேன் மாதிரி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாசமாக உப்பையே குடித்த நாக்குக்கு அது இனிப்புத்தான். வெடிப்பின் கீழ்க்கோடியில் தண்ணீர் விரல் தடிமனுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சங்குகளைக் கொட்டிவிட்டுத் தூக்கை அதன் கீழே வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் நாகியின் கொழுந்தன் படகு அந்தப் பக்கமாக வந்தது. தாயம்மா முந்தானையை வீசிக் கூப்பிட்டாள். கேம்ப் வந்து சேர்ந்தபோது பதினோரு பேரும் டீ இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீ சமைக்க வந்தியா, ஊர் சுத்த வந்தியா?" என்று சேஷகிரி கத்தினார். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தாயம்மா அடுப்பைப் பற்றவைத்து, தூக்குத் தண்ணீரில் டீ போட்டு முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் டம்ளரைப் பார்த்தார்.

"எங்கேயிருந்து இந்தத் தண்ணி?"

"நான் கண்டுபிடிச்சேன் சார்" என்றாள் தாயம்மா. சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மறுநாளே சேஷகிரி படகில் போய்ப் பார்த்தார். நாலு பெரிய பீப்பாய்களை ஏற்பாடு செய்தார். என்ஜினுக்கும் ஆச்சு, சமையலுக்கும் ஆச்சு என்று எல்லோருக்கும் குஷி. சாயங்காலம் நாகி கேம்ப் சமையலறை வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அது எங்க தண்ணி. எங்க கிணறும் மே மாசத்துல உப்பாயிடும். மழை வர்ற வரைக்கும் பதினெட்டு வீடும் அதைத்தான் குடிக்கறோம். நீ கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டியாமே?"

தாயம்மாவுக்கு முகம் எரிந்தது. யாரும் வராத இடம் என்று எப்படி நினைத்தாள்? பாறையில் குடம் வைத்துத் தேய்ந்த வட்டம்கூட இருந்தது. பார்த்தாள், பார்த்தும் அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொரு கல்லைப் பற்றியும் கேட்டவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

மறுநாள் கருக்கலில், தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, ஒரு குடத்தோடு அங்கே போனாள். குடம் நிரம்புவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று எண்ணினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. வழி திறந்திருக்கிற நேரம் எவ்வளவு, அதற்குள் எத்தனை குடம் என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். திரும்பி வந்து, தோசை வார்ப்பதற்கு முன் நேரே சேஷகிரியின் கூடாரத்துக்குப் போனாள்.

"சார், பாறைவழி திறந்திருக்கற நேரத்துல நாப்பது குடம் வரும். தண்ணி ஏறிட்டா அங்க குடமோ பீப்பாயோ வெக்க இடமிருக்காது. பதினெட்டு வீட்டுக்கு வீட்டுக்கு ரெண்டு குடம், முப்பத்தாறு. மிச்சம் நாலு. அதை நம்ம சமையலுக்கு எடுத்துக்கலாம். பீப்பாய் வெச்சா அவங்களுக்குச் சொட்டு இருக்காது."

"அப்போ என்ஜினுக்கு?"

"அது எனக்குத் தெரியாது சார். நீங்கதான் படிச்சவங்க."

 அவள் கெஞ்சியிருந்தால் சேஷகிரி கோபப்பட்டிருப்பார். அளந்துகொண்டு வந்து நிற்பவளிடம் என்ன சொல்வது? அவருடைய வேலையும் அளப்பதுதானே. "நாப்பதா? சரியா எண்ணினியா?" என்று கேட்டார்.

"பத்துத் தடவை."

பீப்பாய்கள் திரும்பிப் போயின. என்ஜினுக்காக லாரி காளி ஆற்றோரமாகப் பத்து மைல் மேலே, உப்பு ஏறாத இடத்துக்குப் போய்வந்தது. மழைக்குள் ஆறு துளைதான் முடிந்தது, இரண்டு பாக்கி. மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சேஷகிரி, சொல்லிக்கொண்டார். மே மாசம் ஊர்க் கிணறும் உப்பாகிப் பெண்கள் வர ஆரம்பித்தபோது, தாயம்மா தினமும் அவர்கள் எல்லோரும் பிடித்த பிறகு நாலு குடம் பிடித்து வந்தாள். முதல் மூன்று நாள் நாகி பேசவில்லை. நாலாம் நாள், "குடத்தை அப்படி வைக்காதே, சாய்ச்சு வை" என்றாள். அதற்கு அப்புறம் சரியாகிவிட்டது.

ஜூன் மழையில் பெங்களூர் திரும்பினாள். சந்திரம்மா அவளை உட்காரவைத்து, கடல் எப்படி இருந்தது என்று கேட்டாள். "எந்த இடத்துல அண்ணி?" என்று தாயம்மா திருப்பிக் கேட்டாள். சந்திரம்மாவுக்கு அது விளங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்வரை ஒவ்வொரு கரையாகச் சொல்லி முடிப்பதற்குள் சுப்பராயனே தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு கேம்ப். '61இல் ஹொன்னாவர், '63இல் மால்பே. போன இடத்தில் எல்லாம் முதல் வேலையாகத் தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்களைப் பார்த்து, எது யாருடையது என்று கேட்டுக்கொண்டுதான் மற்றதைப் பார்க்கப் போனாள்.

1965இல் அவளுக்கு நாற்பத்து மூன்று வயசு. முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. பெங்களூர் ஆபீஸ் காண்டீனில் நிரந்தர வேலை காலியாக இருப்பதாகச் சேஷகிரி ஆள் அனுப்பிச் சொன்னார். அவள் போய்ப் பார்த்தபோது அவர் பெரிய பதவியில், தலை நரைத்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"மழையும் வெயிலும் இல்லே, ஒரே இடம். உனக்கு இதுதான் நல்லது. நாளைக்கே சேர்ந்துடலாம்."

தாயம்மா மேஜைமேல் விரித்திருந்த படத்தைப் பார்த்தாள். "இது இன்னா ஊரு சார்?"

"பட்கல். நவம்பர்ல கேம்ப் போகுது."

"கரை எப்படி இருக்கும்? மணலா, பாறையா?"

"தெரியலையே. நம்ம ஆளுங்க யாரும் இன்னும் போய்ப் பார்க்கலை."

"அப்போ அதுக்கு என் பேரை எழுதிக்கங்க சார்."