அளவுச் சட்டையை வெட்டிய கடை

தையல்காரிக்கு முதலில் வேண்டியது கத்தரிக்கோல் அல்ல, வாய்க்கு ஒரு பூட்டு. ஊசி நூலோடு காலம் தள்ளும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு நிவாரணம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வந்தது: வீட்டுக்கொரு தையல் மெஷின். நிந்தவூரில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு. தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை. பல வீடுகளில் மெஷினின் மேல் டீவி ஏறியது. யுத்தம் முடிந்த வருஷம், என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, துணிந்து சந்தியில் ஓர் அறை எடுத்தாள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான் பொத்தான் தைக்கப் போனேன். நோன்புப் பெருநாளைக்குள் கடை சூடு பிடிக்காவிட்டால் அறையை ஃபோன் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று அறைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சகலதும் தைக்கப்படும்

பலகையில் ராத்தா அப்படித்தான் எழுதுவித்தாள். திரைச்சீலை வந்தது, தலையணை உறை வந்தது. ஒருநாள், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் வேளாண்மைக்காரர் ஒருவர் நெல் காயவைக்கும் தடித்த படங்கு விரிப்பைக் கிழிசலோடு தூக்கி வந்தார். மூன்று ஊசி முறிந்தது. படங்கிலிருந்த தூசி, பக்கத்தில் தொங்கிய கலியாணச் சட்டையில் போய் இறங்கியது. அவர் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“புள்ள, ரெண்டும் ஒரே மெஷின்லயா? மாப்புளைக்கு வைக்கோல் மணக்குமே!”

கட்டாருக்கு ஒரு ‘ஓம்’

ராத்தாவின் புருஷன், என் மச்சான், கட்டாரில். பகலில் அவர் கூப்பிடுவார், ராத்தா ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “ஓம்... ஓம்... நோன்பு லேசாத்தான் போகுது” என்றபடி மெஷினை ஓட்டுவாள். ஒருநாள் சின்னம்மா முறையான ஒரு சாச்சி வந்து, தைத்து முடிந்த அபாயாவை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பின்னாலேயே ராத்தாவும் இழுபட்டுப் போனாள். அவளுடைய தலைத்துணியின் முனை அபாயாவின் கரையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

“என்னகா, உன்னையும் சேர்த்தா கொண்டு போகணும்?”

டீச்சரின் அளவு

யுத்தத்தால் மூடியிருந்த பாதைகள் திறந்துவிட்டதால், பெருநாள் முடிந்ததும் யாழ்ப்பாணம் போவதுதான் அந்த மாதம் கடைக்குள் பேச்சு. வேனில் யார் யார் போவது என்று வந்திருந்தவர்களோடு பேசிக்கொண்டே ராத்தா ஒரு டீச்சரின் அபாயாவை வெட்டினாள். புதுத் துணியும் கறுப்பு, அளவுக்குத் தந்த பழைய அபாயாவும் கறுப்பு. வெட்டியது பழையதை.

டீச்சர் வந்து துண்டுகளைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோரும், இவருக்கு எப்படி அமைகிறது என்று பார்த்துத்தான் எங்களிடம் துணி தருவதாக இருந்தார்கள். ராத்தா கீழே குண்டூசி தேடத் தொடங்கினாள்.

“இனி எனக்கு அளவு எங்க இரிக்கி?” என்றார் டீச்சர்.

வாடிக்கையாளர் முகத்தை நிமிர்ந்தே பார்க்காத எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ! “எனக்குத் தெரியும், டீச்சர். புள்ளைகள்ற கொப்பிப் பையைச் சுமந்து உங்கட வலது தோள் அரை அங்குலம் இறங்கி இரிக்கி.” தினமும் அவர் பள்ளிக்கூடம் போவதை ஜன்னலால் பார்க்கிறவள்தானே. டீச்சர் இடது கையால் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப நீ வெட்டு. உன்ட ராத்தா நல்லபடியா யாழ்ப்பாணம் போய் வரட்டும்.”

புதுப் பலகை

நான் வெட்டினேன். ஃபோனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ராத்தா ஒரு வார்த்தை பேசாமல் தைத்தாள். டீச்சர் அதைப் போட்டு இரண்டு கைகளையும் உயர்த்திப் பார்த்தார். அப்படியே போட்டுக்கொண்டு போனார். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து பதினொரு துணி வந்தது. அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஃபோன் கடைக்காரருக்கு வேறிடம் காட்டினார். ராத்தா பலகையை அழித்து ‘அபாயா மட்டும்’ என்று எழுதுவித்தாள். அடுத்த அறுவடைக்குப் படங்கோடு வந்த காக்கா அதை இரண்டு தரம் வாசித்தார்.

“அப்ப இந்தப் படங்குக்கு ஒரு அபாயா தைச்சுத் தாங்க.”

ஒரே வேலையில் கண் வைத்தால் கடை நிலைக்கும் என்பது மெய்தான், ஆனால் இரண்டு பேர் இருக்கும் கடையில் அந்தக் கண்ணை யார் வைப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.