ஹாஜியாரின் மதிலும் ராசாவின் காலும்

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறை. கச்சான் காற்று ஊரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த நாட்கள். மருதமுனையின் வடக்கு ஓரத்தில், பெரியநீலாவணையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. ஒழுங்கையின் கடைசி வீடு என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் டீச்சருடையது. அவர்கள் சைவக் குடும்பம். பிள்ளைகள் வெளிநாட்டில், கணவனும் மனைவியும் மட்டும்தான். கணவரை நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுவோம். நானும் டீச்சரும் தினமும் ஒரே ஓட்டோவில் பள்ளிக்கூடம் போய் வருவோம்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது அவரிடமிருந்து அழைப்பு. கணவருக்கு நெஞ்சுவலியாம், மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களாம், அம்புலன்ஸுக்குள் இருந்துதான் கதைக்கிறாராம். அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வைக்கப்போகும் நேரம் அவர் சொன்னார்:

“டீச்சர், ராசாவ மட்டும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க. உங்களத்தான் அவனுக்குத் தெரியும்.”

“ஓம், அதுக்கென்ன! நீங்க சேரப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ராசா யாரென்று உறைத்தது. ராசா அவர்களுடைய நாய்.

எங்களுக்கு நாயோடு பகை ஒன்றும் இல்லை. ஆனால் அதன் எச்சிலோ சிறுநீரோ பட்டால், பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். கழுவாமல் தொழ முடியாது. அதனால் எங்கள் ஊரில் நாயும் மனிதரும் ஒருவரை ஒருவர் மதித்து, ரோட்டின் எதிரெதிர்ப் பக்கமாகப் போவதுதான் வழக்கம். சும்மா பார்த்தால் நல்ல நாய்தான் ராசா. மண்ணிறம், மடிந்த காது. ஓட்டோவை விட்டு நான் இறங்கும்போது கேற்றுக்குள்ளிருந்து வாலை ஆட்டும். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். கணவர் கட்டாரில் வேலை செய்வதால் வீட்டில் நானும் மாமியும்தான். அவர் சொன்னார்:

“வாய் பேசாத சீவனுக்குச் சோறு குடுக்கிறது நன்மதான் மகள். நான் ஒண்டும் செல்லல்ல. ஆனா குடுத்துட்டு நீ இந்த ஊட்டுக்குள்ள எப்படி வருவாய் எண்டு மட்டும் செல்லு.”

கிணற்றடியில் குளித்து உடுப்பு மாற்றி வருவது என்று ஒப்பந்தமானது.

சோறு கொடுப்பது பெரிய பாடாக இல்லை. தட்டை வைத்து, உடுப்புக் கொடியைத் தூக்கிவிடும் நீளக் கம்பால் தள்ளிவிட்டேன். ராசா சாப்பிட்டது. பிரச்சினை மற்றப் பக்கத்தில் வந்தது. சேர் தன் நாயை அவ்வளவு ஒழுக்கமாக வளர்த்திருந்தார். வீட்டு வளவுக்குள் அது ஒன்றுமே செய்யாது. விடியக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால்தான் காரியம் ஆகும். அடுத்த நாள் முழுக்க ராசா அடக்கிக்கொண்டு கேற்றடியில் நின்றது. பொழுது சாயும்போது ஊளையிடத் தொடங்கியது. அந்தச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மாமிக்குத்தான் முதலில் மனது இளகியது.

“அந்த மனுசன் ஆஸ்பத்திரில கிடக்கக்குள்ள இது இப்படி ஊளையிடுறது நல்லால்ல. எங்க கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போ புள்ள!”

அடுத்த நாள் விடிகாலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டேன். கறுப்பு அபாயா, கொரோனா காலத்து முகமூடி, கழிப்பறை கழுவும் மஞ்சள் நிற ரப்பர் கையுறை, மழைக்காலத்தில் கணவர் போடும் முழங்கால் பூட்ஸ். நாயின் சங்கிலியோடு உடுப்புக் கொடிக் கயிற்றை முடிந்து நீளமாக்கியிருந்தேன். இரவு வேலையில் நின்று வீடியோ அழைப்பில் என் கோலத்தைப் பார்த்த கணவர், “என்னகா, தீயணைப்புப் படையில சேர்ந்துட்டியா?” என்றார்.

நான் ராசாவைக் கூட்டிப்போனேன் என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் ராசாதான் என்னைக் கூட்டிப்போனது. கயிறு ஒரு பக்கம் இழுக்க, பூட்ஸ் ஒரு பக்கம் கழல, “ராசா, மெல்லப் போ ராசா! ராசா, நில்லு!” என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினேன். பள்ளிவாசலிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெளிச்சம் வராத நேரம். கயிறும் நீளம்; நாய் எங்கோ முன்னால் போய்விட்டது. புருஷன் கட்டாரில் இருக்க, ஒரு பெண் விடியற்காலையில் “ராசா, ராசா” என்று கூப்பிட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடுவது கேட்பவர் காதில் எப்படி விழும் என்று எனக்கு அப்போது யோசிக்க நேரமில்லை.

கடற்கரையில் ராசா தன் காரியத்தை முடித்தது. நானும் சேர் செய்வதுபோல ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த நாளும் அடுத்த நாளும் பிழையில்லாமல் போயின. அதற்கடுத்த நாள்தான், திரும்பி வரும் வழியில், அந்த மதிலடியில் மாட்டிக்கொண்டோம்.

அந்த மதில் எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருக்கும், கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவருடையது. மதில் விஷயத்தில் அவர் கடுமையானவர். யாரும் அதில் சைக்கிளைச் சாய்க்கக் கூடாது. தேர்தல் நேரம் அதில் நோட்டீஸ் ஒட்டிய கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே உரித்தெடுக்க வைத்தவர். அந்த வெள்ளிக்கிழமை அவருடைய கடைசி மகளுக்குக் கல்யாணம். அதற்காக மதில் முழுவதும் பாலாடை நிறத்தில் புதுப் பெயின்ட்.

ராசா நின்றது. மதிலை ஒரு தரம் மோந்தது. நான் கயிற்றை இழுத்தேன். “ராசா, வேணாம் ராசா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றேன். அது காலைத் தூக்கியது. நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், முடித்துவிட்டுத்தான் காலை இறக்கியது. கேற்றுத் தூணுக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்கு வருபவர்கள் கை ஊன்றும் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஈரம் கோலம் போட்டது.

ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. போய்விடலாம்தான். ஆனால் ஹாஜியார் மத்தியான லுஹர் தொழுகைக்குப் போகும்போது அவர் உடுத்தியிருக்கும் சாரன் அதில் உரசினால்? அவர் அப்படியே போய்த் தொழுதால்? அந்தப் பாரம் யாருக்கு? நாயைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, வீட்டிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு சிரட்டையும் எடுத்து வந்தேன். ஒழுங்கையோரத்தில் சுத்தமான மண்ணாகப் பார்த்து அள்ளிக் கரைத்தேன். எண்ணிக்கை தப்பாமலிருக்க முணுமுணுத்துக்கொண்டே ஊற்றத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் மனைவி வாசல் கூட்ட வந்தார். கேற்று இடுக்கால் அவர் என்ன கண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மகளுக்குக் கல்யாணம் நெருங்குகிறது. விடிந்தும் விடியாத நேரம். முகத்தை மூடிய ஒரு கறுத்த உருவம் மஞ்சள் கையோடு நின்று, வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு, தூணடியில் மண்ணையும் தண்ணீரையும் தெளிக்கிறது.

“அல்லாஹ்வே! ஓடி வாங்க! ஆரோ செய்வின வெக்கிறாங்க! என்ட புள்ளட கலியாணத்தக் கெடுக்கிறாங்க!”

ஒழுங்கையில் இருந்த அத்தனை கேற்றும் திறந்தன. ஹாஜியார் பனியனோடு ஓடி வந்தார். எதிர்வீட்டு மீன் வியாபாரி மீன் வெட்டும் கத்தியோடேயே வந்துவிட்டார்.

“ஆரு நீ? மொகத்தத் திற!” என்றார் ஹாஜியார்.

முகமூடியைக் கழற்றினேன்.

“டீச்சரா?” ஹாஜியாரின் குரல் உடைந்து போயிருந்தது. “என்ட மகளுக்குப் படிப்பிச்ச டீச்சரா? நாங்க உங்களுக்கு என்ன கூடாது செஞ்சம்?”

அவருடைய மனைவி நிலத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அதுவரை எனக்குள்ளே கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. அந்த அழுகையைக் கண்டதும் அது செத்துப்போனது. மாப்பிள்ளை வீடு சாய்ந்தமருதில். லுஹருக்கு முன்னால் இந்தக் கதை அங்கே போய்விடும். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியும் பிரயோசனமில்லை. உள்ளதைச் சொன்னேன்:

“நாய் மூத்திரம், ஹாஜியார்.”

“என்ன?”

“உங்கட மதிலுக்கு நாய் மூத்திரம் பெஞ்சிட்டு. அதான் ஏழு தரம் கழுவுறன்.”

சேருடைய நெஞ்சுவலியில் தொடங்கி, ஊளை, கடற்கரை, தூக்கிய கால் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஹாஜியார் மதிலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“எத்தின தரம் ஊத்தினீங்க?”

“அஞ்சு. இல்ல, நாலு. ஊட்டுக்கார ராத்தா கத்தினதுல எண்ணிக்க தவறிட்டு.”

“அப்ப முதல்ல இருந்து தொடங்குங்க.”

மீன் வியாபாரி உடனே குறுக்கே வந்தார். மண் தண்ணீர் முதலாவதாகத்தான் ஊற்ற வேண்டும் என்றார். இன்னொருவர், இல்லை, எதாவது ஒரு தரத்தில் ஊற்றினால் போதும் என்றார். நாய் பெய்த மதிலைச் சுற்றி நின்று ஐந்தாறு பேர் மார்க்கச் சட்டம் கதைத்தார்கள். ஆனால் ஹாஜியாரின் மனைவி மட்டும் எழும்பவில்லை.

“எல்லாம் சரி. நாய் எங்க? நாயக் காட்டட்டும்.”

நியாயமான கேள்விதான். சாட்சியைப் பார்க்க எல்லாரும் ஊர்வலமாகக் கடைசி வீட்டுக்குப் போனோம். கேற்றுக்குள்ளிருந்து ராசா இத்தனை பேரைக் கண்டு குரைத்துத் தள்ளியது. “ராசா, சத்தம் போடாத ராசா” என்றேன். வாயை மூடி வாலாட்டியது.

மீன் வியாபாரி நெற்றியில் அடித்துக்கொண்டார். “அப்ப ராசா ராசா எண்டு கூப்பிட்டது இதையா? ரெண்டு நாளா ஊரெல்லாம் அந்த ராசா ஆரெண்டு தேடுது டீச்சர்!”

ஹாஜியாரின் மனைவியே முதலில் சிரித்தார், கண்ணீர் காயாத முகத்தோடு. எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஹாஜியார் மெல்லக் கேட்டார்: “சேருக்கு இப்ப எப்படி?”

“இண்டைக்குத்தான் இதயத்துக்குள்ள வளையம் போடுறாங்களாம். டீச்சர் தனியத்தான் நிக்கிறா.”

அவர் கேற்றுக்குள் நின்ற ராசாவைப் பார்த்தார். பிறகு, “இனி இந்த ரோட்டால கொண்டு போகாதீங்க மகள். பின் ஒழுங்கையில என்ட வெறும் வளவு ஒண்டு கிடக்கு. தென்ன மரம் மட்டும்தான் நிக்கிது. சேர் வரும் வரைக்கும் அது அங்க எந்த மரத்துக்குப் போனாலும் நான் கேக்கமாட்டன்” என்றார். திரும்பி வந்ததும் தன் வீட்டுக்குள் போய், அந்த வளவுப் பூட்டின் திறப்பையும் எடுத்துவந்து கொடுத்தார். மதிலை முதலிலிருந்து ஏழு தரம் கழுவி முடித்தோம். குழாயைப் பிடித்தது ஹாஜியார், எண்ணியது ஊர். மண் போட்டுத் தேய்த்ததில் பெயின்ட் போன இடத்தை, கல்யாணத்தன்று ஒரு பெரிய பூச்சாடி மறைத்துக்கொண்டு நின்றது.

கல்யாணத்துக்கு மறுநாள் ஹாஜியாரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கனமான ஒரு பை. கல்யாணத்துக்கு அறுத்த மாட்டின் எலும்பு.

“ராசாவுக்கெண்டு நல்லதாப் பாத்து எடுத்து வெச்சன். அண்டைக்கு நான் சென்னதெல்லாம் மனசுல வெச்சிக்காத மகள்” என்றார்.

பையை வாங்கிவிட்டேன். பிறகுதான் புதுச் சிக்கல் தெரிந்தது. அது சைவ வீட்டு நாய். அவர்கள் வீட்டில் மாட்டிறைச்சி வாசலைக்கூட மிதிக்காது. எங்கள் சுத்தத்துக்காக ஒரு ஊரே கூடி மதில் கழுவியிருக்க, அவர்களுடைய சுத்தத்தை நான் கேட்காமல் கெடுக்கலாமா? தயங்கித் தயங்கி டீச்சருக்கு அழைத்தேன். சேருக்குக் கண்டம் நீங்கிவிட்டது, இன்னும் சில நாளில் வரலாம் என்றார். மதில் கதையை மறைக்காமல் சொன்னேன். பிறகு கேட்டேன்: “டீச்சர், ராசா மாட்டெலும்பு தின்னுமா?”

கோபித்துவிடுவாரோ என்று பயந்துபோனேன். மற்றப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. விக்கி, நின்று, மறுபடி தொடங்கி, கடைசியில் அழுகையும் கலந்த ஒரு சிரிப்பு. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் சிரிக்கிறேன் என்றார்.

“நாங்க தொடமாட்டம். அதுக்கு அவன் என்ன செய்வான்? வளவுக்கு வெளியில வெச்சுக் குடுங்க டீச்சர். ஆனா சேருக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

சேர் வீடு திரும்பிய பின்னேரம் ஹாஜியார் பிஸ்கட்டோடு சுகம் விசாரிக்க வந்தார். ஒரே ஒழுங்கையில் இத்தனை வருடம் இருந்தும் அவர் அந்தக் கேற்றைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வெளியில் நின்றே, “நாயக் கட்டியிரிக்கா?” என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். சேர் பிறகு டீச்சரிடம் கவலைப்பட்டாராம்: “என்னெண்டு தெரியல்ல, ராசா இப்ப பருப்புச் சோத்த மோந்து பாத்துட்டுப் போயிடுது.”

அன்றைக்கு அந்த மதிலுக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு நான் செய்தது நல்ல காரியம்தான். ஆனாலும் அது ஒரு தாயை நிலத்தில் உட்கார்த்தி அழவைத்தது. அதனால் இப்போதெல்லாம் அயலவர் விஷயத்தில் என்னால் ஏதும் பிழை நடந்துவிட்டால், வாளியைத் தூக்குவதற்கு முன்னால் அவர்கள் கேற்றைத் தட்டிச் சொல்லிவிடுகிறேன்.