தேய்ந்த நைலான் துண்டுகள்

எழுபதுகளின் கடைசியில் ஆரியசாலையில் நானும் என் கூட்டாளியும் தச்சுப்பட்டறை நடத்தினோம். ஒரு மழைக்காலத்தில் வட்டவாள் மெஷினின் கைடு கிரீச்சிட ஆரம்பித்தது. பலகை கோணாமல் போக அணைத்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம் அது. வழுக்கி நகர்வதற்காக அடியில் ஒட்டியிருந்த நைலான் துண்டுகள் தேய்ந்து, இரும்பு இரும்போடு உரசியது. மரத்தூளைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், துண்டுகளை விற்ற கடைக்காரனையும் விட்டுவைக்கவில்லை.

கூட்டாளி புதுத் துண்டுகளை வெட்டிப் பசை தடவி ஒட்டினார். "நாளைக்குக் காலை வரை தொடாதேயும், கேட்டோ" என்றார்.

அரை மணி நேரம்கூட எனக்குப் பொறுக்கவில்லை. வழுக்குகிறதா என்று இழுத்துப் பார்த்தேன், துண்டு விலகிவிட்டது. மறுபடி ஒட்டினார். மறுபடி இழுத்தேன். மூன்றாம் முறை ஒட்டியவர், கைடைச் சாக்கில் சுற்றித் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காலையில் மாட்டினோம். ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. அறுக்க வேண்டிய பலகை லாரியில் இன்னும் வந்து சேரவில்லை. மெஷின் பக்கத்தில் நின்று லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஓய், பழைய துண்டு எப்படித் தேஞ்சுதுன்னு இப்பத் தெரியுதா?" என்றார் கூட்டாளி.

குனிந்து பார்த்தேன். என் கை கைடை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது.