சொல் நோட்டில் ஒரு வரி

லேப் டெக்னீஷியன் பயிற்சியில் சேர்ந்ததும் ஒரு சொல் நோட்டுப் போட்டேன். சொல், மூலமொழி, பொருள் என்று மூன்று பத்தி. வேர் தெரிந்தால் பரீட்சையில் மறக்காது.

டயாபிடிஸ்: கிரேக்கம், ஊடே கடந்து போவது.
மெலிட்டஸ்: லத்தீன், தேன்போல் இனிப்பது.

குடித்த நீர் உடம்பில் தங்காது. வெளியேறும் நீர் இனிக்கும். நோயின் பெயரே நோயைச் சொல்லிவிடுகிறதே என்று சிவப்பு மையில் கோடிட்டேன்.

அதே மாதம் என் தங்கை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயது.

"கெணறு வத்திரும்டீ," என்றாள் அம்மா. "குடிக்கதும் கொல்லைக்கு ஓடுகதும். வேற சோலி இல்லியா?"

"தாகம்லா எடுக்கு. எக்கா, நீயாவது இத்திரி வெள்ளம் தா."

மெலிந்தும் போனாள். வெயில் என்று நினைத்தோம். நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டேன்: மோர், இளநீர், இரு வேளை பானகம். பானகத்தை நானே கரைத்தேன். அவள் கேட்டால் வெல்லம் கூட்டினேன். நீரிழிவு என்றால் எனக்கு லேபுக்கு வரும் நரைத்த தலைகள்தான் ஞாபகம்.

பத்தாம் நாள் காலை வாந்தி எடுத்தாள். பேச்சு குழறியது. மூச்சில் அழுகிய பழவாடை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு தப்பிவிட்டது.

அவளுடைய சிறுநீரை அங்கே லேபில் நானே சோதித்தேன். நீலக் கரைசலில் எட்டுத் துளி விட்டுக் காய்ச்சினேன். பச்சையிலேயே நின்றுவிடு என்று குழாயிடம் கெஞ்சினேன். மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நின்றது. சர்க்கரை உச்சத்தில்.

மலையாளி டாக்டர் இன்சுலின் போட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"நீ லேபில் படிக்குந்ந குட்டி அல்லே? இவ என்னெல்லாம் குடிச்சா, ஒண்ணு விடாமல் எழுது."

"பொழச்சிருவாளா சார்?"

"முதல்ல எழுது."

மோர். இளநீர். பானகம், இரு வேளை. சில நாள் மூன்று. கரைத்துக் கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நான் அதையும் எழுதினேன்.

ஊசிமேல் ஊசியாகப் போட்டு, மறுநாள் மத்தியானம்தான் கண் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"எக்கா, பானகம்."

அம்மா அழுதுகொண்டே கூஜாவை எடுத்தாள். "இன்னா, இப்பவே போய்க் கரைச்சுட்டு வாறேன் மக்களே."

"வேண்டாம்மா," என்றேன்.

"ஏன் வேண்டாம்? கேக்கால்லா புள்ள?"

கூஜாவைப் பிடித்துக்கொண்டேன். நோட்டில் இருந்த வரியை அம்மாவுக்குப் புரியும்படி சொன்னேன். நான் கரைத்த பானகம்தான் நோயைக் கூட்டியது என்பது வரைக்கும் சொன்னேன். அவள் கூஜாவை விட்டுவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கைக்கு ஒரு ஸ்பூன் வெறும் தண்ணீர் கொடுத்தேன்.