எட்டுக் கண் வண்டிக்கு வைத்த பொட்டு

நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அழகுமுத்து இருபத்தாறு வருடமாகக் கொழுந்து லொறி ஓட்டுகிறார். மலையில் நிறுத்து எடை பார்த்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி பெக்டரியில் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. இத்தனை வருடத்தில் லொறி இரண்டு முறைதான் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டு முறையும் தப்பு கானுடையதுதான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை கூப்பிட்டு அனுப்பினார். கொழும்பிலிருந்து தானாக ஓடும் கார் ஒன்று பரீட்சைக்கு வருகிறதாம். கீழ் கேட்டிலிருந்து பெக்டரி வரை மூன்று கட்டை தூரம் ஏறிவிட்டால், அடுத்த வருடம் கொழுந்து லொறிக்கும் அதே ஏற்பாடாம்.

"பாதுகாப்புக்கு ஒரு டிரைவர் உள்ள ஒக்காரணுமாம். நீ போ. ஆனா எதையும் தொடக்கூடாது" என்றார் துரை.

அழகுமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டார். மகள் வினோதா கெம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் முடிக்கும்வரை அவர் லொறி ஓட்டியே ஆக வேண்டும்.

காரோடு வந்த இஞ்சினியர் ரிஸ்கான் ஹட்டன்காரர்தான். வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. முதல்நாளே வந்து விளக்கினார்.

"அண்ணே, இதுக்கு சுத்திவர எட்டுக் கெமராக் கண்ணு. எல்லாத்தையும் பாக்கும். நீங்க கைய மடியில வச்சிட்டு சும்மா இருந்தாப் போதும்."

"அதுதான் தம்பி கஷ்டம்" என்றார் அழகுமுத்து.

வீட்டில் மனைவி நாகலெட்சுமியிடம் இந்த எட்டுக் கண் சமாசாரத்தைச் சொன்னதுதான் வினையாகிப்போனது. மறுநாள் காலையில் ரிஸ்கான் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் அவள் தட்டோடு வந்துவிட்டாள். பூசை போடாத புது வண்டி அந்த மலையில் ஏறியதே கிடையாது. அதிலும் புருஷன் உட்காரும் வண்டி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். எட்டுக் கண்ணுக்கும் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். அவளுக்கு எப்போதுமே தாராளமான கை.

வண்டி கிளம்பவில்லை. திரையில் சிவப்பு எழுத்து மின்னியது. சுற்றிவந்து பார்த்த ரிஸ்கான் தலையில் கை வைத்துக்கொண்டார். துரை அழகுமுத்துவை முறைத்தார்.

"இது ஒன் வேலதானே?"

"நான்தாங்க தொர வச்சேன்" என்றாள் நாகலெட்சுமி. "மொதப் பயணம். பொட்டு வைக்காம எப்படிங்க அனுப்புறது?"

அழகுமுத்து பேசாமல் நின்றிருக்கலாம். சந்தனம் காய்ந்திருந்தால் அன்றைய பொழுது அதைச் சுரண்டுவதிலேயே போயிருக்கும். ஆனால் கண் மறைத்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை நனைத்து எட்டையும் அவரே துடைத்தார். சொந்தச் சோற்றில் மண்ணை அள்ளிப் போடுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ரிஸ்கான் பின் சீட்டில் உட்கார, வண்டி அழகாகத்தான் ஏறியது. ஆட்டுக்கு நின்றது, குழிக்கு ஒதுங்கியது. அதுவே அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எல்லாம் முனியாண்டி வளைவு வரைக்கும்தான். அங்கே பாதை ஒரு வண்டிக்குத்தான் காணும். மேலேயிருந்து வந்த பஸ் டிரைவர் செல்லசாமி வழக்கம்போல பஸ்ஸை ஓரங்கட்டி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினார். நீ ஏறு என்று அர்த்தம். அந்த மலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வண்டிக்குத் தெரியவில்லை. யாரோ கையை ஆட்டுகிறார்கள், முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்து நின்றது. அவர் ஆட்ட ஆட்ட அது நின்றது.

"யோவ் அழகு! கைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க, ஒடம்புக்கு முடியலையா?"

"தொடக்கூடாதுன்னு தொர சொல்லிட்டாருய்யா!"

செல்லசாமி ஒரு சக்கரத்தைக் கானில் இறக்கி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கடந்து போனார். அதற்குள் பனி மூடிவிட்டது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வண்டி மறுபடி நகர மறுத்தது.

"கைபட்டா பரீட்ச போச்சுண்ணே. ரெண்டு வருஷ ஒழைப்பு" என்றார் ரிஸ்கான்.

"நான் எறங்கி முன்னால நடந்தா?"

"ஆள் தெரிஞ்சா பின்னால வரும். மெதுவா."

பாதையில் மாட்டிக்கொண்ட வண்டியை விட்டுப் போகிற டிரைவர் அந்த மலையில் கிடையாது. அழகுமுத்து இறங்கினார். சந்தனக் கறை படிந்த துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி ஒரு கட்டையும் நடந்தார். டிரைவர் இல்லாமல் ஓடும் கார் ஒரு டிரைவருக்குப் பின்னால் பவ்வியமாக வந்து சேர்ந்தது.

பெக்டரி வாசலில் துரை பல்லெல்லாம் தெரிய நின்றார். "தானா வந்திருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் ரிஸ்கானுக்கு நல்ல பெயர். அவர் அழகுமுத்துவின் சேற்றுக் காலைப் பார்த்தார். "வந்துச்சு சேர். ஆனா முன்னால ஒரு டிரைவர் நடக்கணும்."

துரையின் பல் மறைந்தது. "நடக்கிறதுக்கு அவன் லொறியிலயே ஒக்காரலாமே."

"இப்போதைக்கு அதுதான் சேர் நல்லது."

அழகுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. நேரே போய் லொறியில் ஏறி, இரண்டு கையாலும் ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் லொறி நின்றதும், கொழுந்து பறிக்கப் போயிருந்த நாகலெட்சுமி முதுகில் கூடையோடு படியில் ஏறினாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும், இலையில் மடித்து வைத்திருந்த மிச்சச் சந்தனத்தைப் பிரித்து அவர் நெற்றியில் அப்பினாள்.

"இதையாவது தொடைக்காமப் போங்க."