ஈரத் துண்டும் என் சுண்டல் கடையும்

ஐம்பதுகளின் கடைசியில் குற்றாலத்துப் பார்க்கு வாசலில் சுண்டல் கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. குற்றாலத்தில் மழைக்கெல்லாம் ஒதுங்க ஆரம்பித்தால் பிழைப்பு என்னாவது? ஆனாலும் தலைக்கனத்துக்குக் குறைச்சலில்லை. சனம் பார்க்குக்கு வருவதே என் சுண்டலுக்காகத்தான் என்று மேலகரம் வரைக்கும் சொல்லித் திரிந்தேன்.

அந்தச் சீசனில் அருவியில் கூட்டம் நெருக்கியது; பார்க்கில் ஈ, காக்கா இல்லை. பார்க்கைக் கவனிக்கிற அதிகாரி நேரே என் கடைக்கு வந்தார்.

“உம்ம சுண்டல் வாசத்துக்குக் குரங்கு வருது. குரங்கைப் பாத்து சனம் ஓடுது. திங்கக்கிழமை வருவேன், கடை இருக்கக் கூடாதுவே.”

“ஐயா, போன வருசமும் இதே சுண்டல், இதே குரங்குதான? அப்ப நிக்க இடமில்லையே!”

“போன வருசக் குரங்கு சாது.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “தென்காசியில புது டாக்கீஸ் வந்திருக்குல்லா, சனம் அங்க போயிருக்கும்” என்று நானும் ஒன்றை எடுத்துவிட்டேன்.

அவர் தலை மறைந்ததும், தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

“குளிச்சவன் ஈர வேட்டியோடயா படம் பாக்கப் போவான்? அவரு பேச்சுக்கு உங்க பேச்சு தேவலைன்னு பாத்தா, இது அதுக்கு மேல இருக்கு.”

“அப்ப நீயே சொல்லேன். இந்த வருசம் புதுசா என்னட்டி மாறிருக்கு?”

அவள் பார்க்கைச் சுற்றிக் கையை நீட்டினாள். அழகுக்கென்று பழைய கம்பிவேலியைப் பிடுங்கிவிட்டுக் காகிதப்பூச்செடி வைத்திருந்தார்கள். பூவும் ஜோர், முள்ளும் ஜோர்.

“அதுல ஈரத் துணியைப் போட்டா கிழியாம வருமா?”

எனக்கு மண்டையில் அடித்தமாதிரி இருந்தது. குளித்து வருகிறவர்கள் வேட்டி, சேலையை அந்தக் கம்பியில்தானே விரிப்பார்கள்! காயும்வரை காவலுக்குப் பார்க்கில் உட்காருவார்கள். உட்கார்ந்தால் அருவிப் பசி கிள்ளும். அப்புறம்தான் என் சுண்டல். இத்தனை வருஷமும் ஈரத் துணிதான் எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

ஞாயிறு காலையில் இரண்டு மரத்துக்கு நடுவே கிணற்றுக் கயிற்றைக் கட்டி, என் துண்டை நனைத்துப் போட்டேன். சுரண்டை ஊர்க் குடும்பம் ஒன்று ஈரச் சேலைகளோடு வந்தது. அப்புறம் கயிறு போதவில்லை. புல்தரை முழுக்கச் சனம். குரங்கும் வந்தது, ஒருத்தரும் ஓடவில்லை.

“பாத்தியாட்டி, என் சுண்டலுக்கு வந்த கூட்டத்தை!”

“துணி காஞ்சதும் கயித்த அவுத்துப் பாருங்க.”

அவிழ்த்தேன். அடுத்து வந்தவர்கள் துணியைப் பிழிந்தபடி நின்று பார்த்துவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போனார்கள். மறுபடி கட்டினேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். அருவியில் முங்கிவிட்டு, தோளில் சொட்டுகிற துண்டோடு. கயிற்றைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“குரங்கு இருக்கேவே?”

“இப்ப சாதுவாயிட்டு, ஐயா.”

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தம் துண்டைக் கயிற்றில் விரித்தார்.

“சரி, கடை இங்கனயே கிடக்கட்டும். துண்டு காயுத வரைக்கும் ஒரு பொட்டலம் குடும்.”

என் வீட்டுக்காரி மேகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு பொட்டலமாக் கட்டுங்க. சாரல் விழுது. இப்பத்திக்குக் காயாது.”